கோடாங்கி கட்டாத கயிறு

"அம்மா, ஒன் வாய்க்குள்ள வேற யாரு இருக்கா?"

அபிதா இப்படிக் கேட்டபோது உமாதேவி சன்னலோரம் நின்று, கைக்கண்ணாடியில் தன் வாயைப் பார்த்தபடி உதட்டைக் குவித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. பின்னால் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியார் சந்தனம்மாளுக்கு வரவில்லை. பெற்ற தாயைப் பார்த்துப் பிள்ளை கேட்கிற கேள்வியா இது? ஆய்ந்த கீரை அப்படியே மடியில் சரிந்தது.

உமாதேவி நர்ஸ். நார்வே நாட்டு முதியோர் இல்லம் ஒன்றில் வேலைக்காக, போனிலேயே அந்த நாட்டு மொழியைப் படித்து வந்தாள். கணவன் விஜயகுமார் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் ஓட்டுபவன். முதுகெலும்பு தேய்ந்துவிட்டது, இனி மலைப்பாதையில் வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குடும்பம் இப்போது உமாதேவியின் நாக்கை நம்பி இருந்தது.

அந்த நாக்குக்கு மூன்று உயிரெழுத்துகள் மட்டும் மசியவில்லை. ஆங்கிலத்து ஏயும் ஈயும் ஒட்டிப் பிறந்தது ஒன்று. நடுவே கோடு கிழித்த வட்டம் ஒன்று. தலையில் குட்டி வளையம் வைத்தது ஒன்று. முதலாவதுக்கு ஆவென்று வாயைத் திறந்துகொண்டு ஏ சொல்ல வேண்டும். மூன்றாவது நம் ஓவுக்குப் பங்காளி. வாயை இன்னும் கொஞ்சம் அகலத் திறந்தால் வந்துவிடும். நடுவில் இருந்ததுதான் எமன். நாக்கு ஏ சொல்ல, அதே நேரம் உதடு ஓ சொல்ல வேண்டும். வாய்ப் பரீட்சை சென்னையில், வருகிற வாரம். தவறினால் மறு வாய்ப்பு கிடையாது என்று வகுப்பு எடுத்தவர் சொல்லியிருந்தார்.

சத்தமாகச் சொல்ல வீட்டில் கூச்சப்பட்டு, சாயங்காலங்களில் திராட்சைத் தோட்டத்துப் பந்தலுக்கு அடியில் நின்று சொல்லிப் பழகினாள். அந்தத் தோட்டத்துக் கிணற்றில் முன்னொரு காலத்தில் ஒரு பெண் விழுந்து செத்திருந்தாள். அதை உமாதேவி யோசிக்கவில்லை. வேலை முடிந்து அந்த வழியாகத் திரும்பிய அதே தெரு மூக்கம்மாள் யோசித்தாள்.

"ஏத்தா சந்தனம், ஒம் மருமக கெணத்து மேட்டுல நின்னு ஊளையிடுறா. வாயி ஒரு பக்கம் கோணுது, கண்ணு ஒரு பக்கம் போகுது. நீ பாட்டுக்குக் கீர ஆஞ்சுக்கிட்டிரு."

பிள்ளையின் கேள்வியும் மூக்கம்மாளின் சேதியும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. பேயோட்டும் கோடாங்கி ஒச்சாண்டிக்கு ஆள் போயிற்று.

உமாதேவிக்குக் கோடாங்கியிடம் பயமில்லை. அவர் கட்டுகிற கயிற்றிடம்தான் பயம். கறுப்புக் கயிறு கட்டிவிட்டால் அடுத்த அமாவாசை வரை ஊர் எல்லை தாண்டக் கூடாது. தாண்டினால் அவளைப் பிடித்தது அவளை விட்டுவிட்டு அவள் பிள்ளையைப் பிடிக்கும் என்பார்கள்.

"ஏங்க, அத்தகிட்ட நீங்களாச்சும் எடுத்துச் சொல்லுங்க. கயிறு கட்டிட்டா நான் எப்படி மெட்ராஸ் போறது?"

"ஆத்தா ரெண்டு நாளாச் சோறு திங்கல. சும்மா ஒரு கயிறுதான, கட்டிக்கிட்டு பேசாமப் போய்ட்டு வா" என்றான் விஜயகுமார். சொல்லிவிட்டு, தூங்குகிற மகளைப் பார்த்தான். அவன் முகமும் மாறிப்போயிற்று.

அவள் ரத்தமும் சாவும் பார்த்துப் பழகியவள்தான். ஆனாலும் பிள்ளைக்கு என்றதும் படித்த படிப்பெல்லாம் எங்கோ போய் ஒளிந்துகொண்டது.

வெள்ளிக்கிழமை வாசலில் உடுக்கை அதிர்ந்தது. தெருவே கூடி நின்றது. கூடைக்கடியில் சேவல் படபடத்தது. உமாதேவியை மணையில் உட்கார வைத்துத் தலைமுடியை அவிழ்த்துவிட்டார்கள். மிளகாய் போட்ட புகை கண்ணைக் கரித்தது.

"யாரு நீ? எந்த ஊரு? எதுக்கு வந்த?"

பேசினால் பேய் பேசுகிறது என்பார்கள். பேசாவிட்டால் பேய் அழுத்தமாக இருக்கிறது என்பார்கள். தாடை இறுகியது. உடுக்கை காதருகே வந்தது. பழக்க தோஷம், பயத்தில் அவள் உதடு தானாகக் குவிந்து அந்த நடு எழுத்தே வெளியே வந்தது. கூட்டம் பின்வாங்கியது. அபிதா வீறிட்டு அழுதாள்.

ஒச்சாண்டி உடுக்கையை நிறுத்தினார். திருநீறு பூசுகிற சாக்கில் குனிந்து மெல்லக் கேட்டார்:

"என்ன சத்தம் தாயி இது? எனக்கு மட்டும் சொல்லு."

"எழுத்துய்யா. வெளிநாட்டு எழுத்து. பரீட்சைக்குச் சொல்லிப் பாக்குறேன். கயிறு கட்டிட்டீகன்னா நான் போக முடியாது. எம் பிள்ளைய நெனச்சாப் பயமா இருக்கு."

"இன்னொருக்காச் சொல்லு."

சொன்னாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார். விரல்களில் சுற்றியிருந்த கயிற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதை மடியில் செருகிக்கொண்டு நிமிர்ந்தார்.

"இங்கன ஒண்ணும் இல்ல. பிள்ள பாடம் படிக்குது. கட்டு வேணாம். சந்தனம், அது படிக்கையில பக்கத்துல போயி உக்காரு, ஒம் பயமும் தெளியும். சேவலத் தெறந்து விடு."

"உடுக்க அடிச்சும் பேய் பேசலன்னா, பேய் இல்லயா, கோடாங்கிக்கு அருள் இல்லயா?" என்றாள் மூக்கம்மாள். சிரிப்பு எழுந்தது.

"கருப்பன் சொன்னதச் சொன்னேன்" என்றபடி ஒச்சாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

சந்தனம்மாள் சொன்னபடி பந்தலடியில் வந்து உட்கார்ந்தாள். முதல் நாள் திருநீற்றுப் பொட்டலத்தைக் கையில் இறுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டாம் நாள், "இதுக்கா பேயின்னோம்? நம்ம எரும இத விட நல்லாச் சொல்லும்டி" என்றாள். அபிதாவும் சேர்ந்துகொண்டாள். மூன்று பேரும் உதட்டைக் குவித்து நின்றதைப் பார்த்து, போகிறவர்கள் விலகித்தான் போனார்கள்.

சென்னையில், பரீட்சை நடத்தியவர் எதிரில் உட்கார்ந்ததும் பழையபடி தாடை இறுகத்தான் செய்தது. கண்ணை ஒரு கணம் மூடி, கருப்பனை நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள். தேறிவிட்டாள்.

அதைச் சொல்ல ஒச்சாண்டியின் வீட்டுக்குப் போனபோதுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. அவர் வாசலில் ஆள் இல்லை. உள்ளூர்க் காமயகவுண்டன்பட்டிக்காரர்கள் இப்போது குறி கேட்க வேறு கோடாங்கியைத் தேடிக் கோம்பைக்குப் போகிறார்களாம். அவளைக் கண்டதும் அவர் அவசரமாகக் காலைத் துண்டால் மூடினார். நர்ஸின் மூக்கை மூட முடியவில்லை.

"என்னய்யா இது?"

"முள்ளுதான் தாயி. ஆறிரும்."

துண்டை விலக்கிப் பார்த்தாள். பெருவிரல் கறுத்திருந்தது. சர்க்கரைப் புண் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"இதுக்கு இங்கன வைத்தியம் இல்ல. இன்னைக்கே தேனி ஆஸ்பத்திரிக்குப் போகணும். விட்டா காலையே எடுத்துருவாக."

"ஊரு நோவத் தீக்கிறவன் ஆஸ்பத்திரி வரிசையில நிக்கவா? அருளு போச்சுங்கிறாக ஏற்கெனவே. கூட நீயும் வந்தா, ஒனக்காகப் பொய் சொன்னேன், ஒம் பேய் போகலன்னு வேற பேசுவாக. ஒன் பொழப்பும் கெடும்."

அவர் துண்டை மறுபடி இழுத்துக் காலை மூடினார். அன்று தன் வாசலில் அவள் பயந்ததைப் போலவே அவரும் பயப்படுகிறார் என்று உமாதேவிக்குப் பட்டது. பயத்துக்கு ஆள் வித்தியாசம் கிடையாது. அதைத் தீர்க்கப் பெரிய அருள் எதுவும் வேண்டியதில்லை, பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் போதும்.

"கூட வரலய்யா. நான் முன்னால ஏறுறேன், நீங்க பின்னால ஏறுங்க. நீங்க யாரோ, நான் யாரோ."

அப்படியே போனார்கள். டவுன் பஸ்ஸில் அவள் பெண்கள் சீட்டில். அவர் பின்படிக்கட்டு அருகே. ஆஸ்பத்திரியில் அவருக்காகச் சீட்டு வாங்கியதும், கட்டுப் பிரிக்கையில் அவர் தலையைத் தாங்கிக்கொண்டதும் அவள்தான். விரலை எடுக்க வேண்டாம், தவறாமல் வந்து கட்டுப் போட்டால் போதும் என்றார் டாக்டர். வெளிநாடு போகிற வரை அவள் தவறவில்லை. வீட்டில் விசா வேலை என்று சொல்லிவைத்தாள்.

ஏறுகிற கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை. திரும்பும்போது இருவரும் ஒரே நிறுத்தத்தில் இறங்கினால் ஊர் பார்க்கும். புண்காலோடு அவரை நடக்கவிட முடியாது. அதனால் ஒவ்வொரு முறையும் அவள்தான் ஊருக்கு முந்தின நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டாள். பஸ் அவரை ஏற்றிக்கொண்டு புழுதியில் மறையும். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தென்னந்தோப்பு ஓரமாக வெயிலில் நடப்பாள்.