போட்டாச்சுன்னா ஒன்ன அமுக்குங்க

லேப்டாப்பைத் திறந்தது குற்றமில்லை. திறக்கும் முன் செய்ய வேண்டிய ஒரே ஒரு காரியத்தை மறந்தாளே இசைவாணி, அதுதான் வினை.

மதுரையில் ஒரு சர்க்கரை நோய் மருத்துவமனைக்கு அவள் ஒரு புரோகிராம் எழுதியிருந்தாள். காலையும் மாலையும் நேரத்துக்கு நோயாளிகளைப் போனில் கூப்பிட்டு, “இன்சுலின் போட்டுக்கங்க. போட்டாச்சுன்னா ஒன்ன அமுக்குங்க” என்று சொல்லும். குரலும் அவளுடையதே. எழுதியது ஸ்மால்டாக் என்ற கம்ப்யூட்டர் மொழியில். மற்றவர்கள் புரோகிராமை நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து ஓட்டுவார்கள். ஸ்மால்டாக்காரர்களின் வழக்கமே வேறு. ஓடிக்கொண்டிருப்பதை ஓடுகிற நிலையிலேயே ‘இமேஜ்’ என்று ஒரே கோப்பாகச் சேமித்துவிடுவார்கள். எங்கே திறந்தாலும் விட்ட இடத்திலிருந்து எழுந்து வேலை பார்க்கும். நேரம் குறித்து வைத்த வேலைகளும் கூடவே எழுந்துவிடும். அதனால் நகல் எடுத்து வந்தால், முதலில் அந்த வேலைகளை நிறுத்தி வைக்க வேண்டும்.

அதைத்தான் மறந்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எடுத்த நகலை, சனிக்கிழமை காலை வண்டியூர் வீட்டில் இட்லியைப் பிட்டுக்கொண்டே திறந்தாள். காலை அழைப்புகளை மருத்துவமனைக் கம்ப்யூட்டர் ஏழு மணிக்கே முடித்துவிட்டது. பாவம், நகலுக்கு அது எப்படித் தெரியும்? ‘ஐயோ, காலை வேலை விட்டுப்போச்சே’ என்று இணையம் வழியாக எல்லோரையும் மறுபடி கூப்பிட்டுத் தள்ளியது.

திரையில் பெயர்கள் ஓடியபோதுதான் அவளுக்கு உறைத்தது. படாரென்று மூடினாள். அதற்குள் போக வேண்டியது போய்விட்டது.

மருத்துவமனை அலுவலகத்தில் இருந்த டோனியைக் கூப்பிட்டாள். “டோனி அண்ணே, எல்லாத்துக்கும் ரெண்டாவது தடவ போன் போயிருச்சு. யாரும் மறுபடி ஊசி போட்டுறக் கூடாதுண்ணே!”

“பதறாத தங்கச்சி. நான் ஒவ்வொருத்தருக்கா போன் அடிக்கிறேன்.”

பாதிப் பேருக்கு இவளும் அடித்தாள். முக்கால்வாசிப் பேர் திட்டினார்கள். “ஒரு தடவ போட்டாச்சுல்ல, அப்புறம் என்னத்துக்கு நச்சரிக்கிறீக?” என்றார் பரவை ஊர்க்காரர் ஒருவர். அந்த ஏச்சைக் கேட்கக் கேட்க அவளுக்குப் போன உயிர் திரும்பியது. ஒரே ஒருவர்தான் எடுக்கவில்லை. மேலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருக்கும் அவள் அப்பா ஆண்டிச்சாமி.

அழைப்புகளின் பதிவை இணையத்தில் பார்த்தாள். ஏழு மணிக்கு ஒன்றை அமுக்கியிருந்தார். எட்டேமுக்காலுக்கும் அமுக்கியிருந்தார்.

மற்றவர்களைப் போல எதிர்த்துக் கேட்கிற ஆளில்லை அவர். முப்பது வருஷம் கல்குவாரியில் வெடிச் சங்கு ஊதினால் ஓடு, மறுபடி ஊதினால் வா என்று பழகிய உடம்பு. ரெண்டு ஊசி ஏறினால் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கும். மயங்கி விழுந்தால் தூக்க ஆளில்லை.

மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினாள். அந்த பஸ்ஸுக்கு அன்றைக்கென்று என்ன வந்ததோ, ஒத்தக்கடையில் டிரைவர் டீக்கு இறங்கினார். “அண்ணே, சீக்கிரம் எடுங்கண்ணே!” என்று கத்தியே விட்டாள். பக்கத்து வீட்டு நாகஜோதியின் போன் அணைந்து கிடந்தது. அப்பாவின் போன் அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. உட்கார முடியாமல் மேலூர் வரை கம்பியைப் பிடித்து நின்றே போனாள். அங்கிருந்து ஆட்டோ.

வீடு திறந்து கிடந்தது. போன் கட்டிலில் கிடந்தது. ஆளைக் காணோம்.

“அப்பா! அப்பா!”

கொல்லைப் பக்கமிருந்து ஆட்டுக்குத் தழைக்கட்டோடு வந்தார். “என்னத்தா, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிற?”

அழுகை முட்டியது. அடக்கிக்கொண்டு அவர் விரலைப் பிடித்துக் குத்தி, சர்க்கரை பார்க்கும் மெஷினில் ஒரு சொட்டு வைத்தாள். அறுபதுக்குக் கீழே காட்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். முந்நூறைத் தாண்டிக் காட்டியது.

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எழுந்து போய் பிரிட்ஜைத் திறந்தாள். மாசாமாசம் அவள் வாங்கி அனுப்பிய இன்சுலின் பெட்டிகள், ஒன்றுகூடப் பிரிபடாமல் மாவுச் சட்டிக்குப் பின்னால் அடுக்கியிருந்தன.

“ஒரு நாளுகூடப் போடலையாப்பா?”

அவர் தரையைப் பார்த்தார். “ஒங்க ஆத்தா இருந்தா போட்டு விடுவா. அவ போனதுக்கப்புறம் நானும் போட்டுப் பாத்தேன். கல்லு ஒடச்ச கையி, ஊசியப் பிடிச்சா வெடவெடங்குது. மாத்திரையத்தேன் முழுங்கிக்கிட்டுக் கெடக்கேன்.”

“அப்புறம் எதுக்கு ஒன்ன அமுக்குனீங்க? இன்னைக்கு ரெண்டு தடவ அமுக்கியிருக்கீங்க, நான் செத்துப் பொழச்சு வாரேன்!”

“அமுக்குனா, ‘நன்றிப்பா, ஒடம்பப் பாத்துக்கங்க’ன்னு சொல்றீல்ல. மத்தபடி நீ பேசி எம்புட்டு நாளாச்சு?”

அந்த வார்த்தையை அவருக்கென்று தனியாகப் பதிவு செய்திருந்தாள். அதைப் பதிந்த நாளிலிருந்து அப்பாவைத் தானாகக் கூப்பிட்டதே இல்லை. புரோகிராம்தான் நேரம் தவறாமல் கூப்பிடுகிறதே என்று இருந்துவிட்டாள். வெட்கமாக இருந்தது. அவர் மேல் வந்த கோபம் முழுக்கத் தன் மேல் திரும்பியது.

மத்தியானம் டாக்டரிடம் போனில் கேட்டு அளவு குறித்துக்கொண்டாள். தினமும் வந்து ஊசி போட நாகஜோதி ஒத்துக்கொண்டாள். “இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் போட்டு விட மாட்டேனா மாமா?” என்று அவரை ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் போனாள். டோனியிடம் சொல்லி, அப்பாவின் பெயரை அழைப்புகளிலிருந்து எடுக்க வைத்தாள்.

மாலை ஏழு மணிக்கு இசைவாணியே ஊசியோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவரோ கட்டிலில் கிடந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மணி ஏழாச்சே, இன்னும் நீ கூப்பிடலையே?”

“நான்தேன் இங்க இருக்கேன்லப்பா.”

“இன்னைக்கு இருக்க. நாளைக்கு?”

அவள் மருந்தை அளந்து ஊசியில் ஏற்றினாள். “நாளைக்கு நானே கூப்பிடுறேன். மெஷின் இல்ல, நான்.”

அவர் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினார். ஊசி இறங்கியபோது முகத்தைச் சுளித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“அப்ப நான் எதத்தா அமுக்கணும்?”

“எதையும் அமுக்க வேணாம்ப்பா,” என்றாள். “பேசுங்க.”