நான்காம் நாள் இறங்கிய சாமி

பொன்னுத்துரை மாலை போட்டுக்கொண்டதில் தெருவுக்கே சந்தோஷம். அவனுக்கு மட்டும்தான் கொஞ்சம் யோசனை.

திண்டுக்கல் வெங்காய மண்டியில் பதினாறு வருஷமாக மூட்டை தூக்குகிறவன். காலையில் ஒரு குவாட்டர் உள்ளே போனால்தான் கைநடுக்கம் நின்று முதல் மூட்டையைத் தொடுவான். மதியம் ஒன்று, வேலை முடிந்ததும் ஒன்று. இதைக் குடி என்று அவன் ஒப்புக்கொண்டதே இல்லை. உடம்பு வலிக்கு மருந்து என்பான். மூட்டையே தூக்காத ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மருந்து ஏன் இரட்டிப்பாகிறது என்று கேட்டால் மட்டும் கோபம் வரும்.

அவன் மனைவி முத்துப்பேச்சி சண்டை போட்டுப் பார்த்தாள், பேசாமல் இருந்து பார்த்தாள், எரியோட்டில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போயும் பார்த்தாள். ஒன்றுக்கும் மசியவில்லை. கடைசியில்தான் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்துபோகும் கூட்டத்தில் அவனைச் சேர்த்துவிடுவது என்று முடிவெடுத்தாள். கழுத்தில் மாலை ஏறிவிட்டால் சொட்டுக்கூடத் தொடக்கூடாது. பெண்டாட்டிக்குப் பயப்படாதவன் முருகனுக்குப் பயப்படுவான் அல்லவா? மாலை போட்ட நிமிஷத்திலிருந்து புருஷனை அவளும் 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும். அவனை மரியாதையாகக் கூப்பிட இப்படியாவது ஒரு வழி பிறந்ததே என்று நினைத்துக்கொண்டாள்.

கூட்டத்தை நடத்திப்போகும் குருசாமி நல்லுசாமி மாலை போட்டுவிட்டார். முத்துப்பேச்சி வீட்டுக்கு ஓடிவந்து, அலமாரிக்குப் பின்னால் இருந்த பாதி பாட்டிலைச் சாக்கடையில் ஊற்றி, மேலே இரண்டு குடம் தண்ணீரும் விட்டாள். அன்றைக்கு அவள் இருந்த சந்தோஷத்தில் தெருவுக்கே பாயசம் வைத்திருப்பாள்.

முதல் நாள் அவன் கையில் காபி டம்ளர் நிற்கவில்லை. இரண்டாம் நாள் வாந்தி, தொப்பலாக வியர்வை, பொட்டுத் தூக்கம் இல்லை. பயந்துபோய் நல்லுசாமியிடம் ஓடினாள்.

"வெரதம் ஒடம்பச் சுத்தம் பண்ணுது தாயி. இம்புட்டு வருசத்து அழுக்கு லேசுல போயிருமா?" என்றார் அவர்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் அவன் சுவரைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்ததை மந்திரம் என்றே எடுத்துக்கொண்டாள்.

நான்காம் நாள் மத்தியானம் தெருக்கோயிலில் அன்னதானம். பூஜைக்கு உடுக்கை அடிக்க ஆரம்பித்ததும் பொன்னுத்துரைக்கு உச்சி முதல் பாதம் வரை ஆட்டம் கண்டது. கண் பந்தலில் குத்திட்டு நின்றது.

"வருது! கும்பல் கும்பலா வருது!" என்று கத்தினான்.

"யாரு சாமி வர்றது?" என்று கைகட்டிக் கேட்டார் நல்லுசாமி.

"எறும்பு! கறுப்பு எறும்பு!"

"பூதப்படையச் சொல்றாருப்பா!" என்று நல்லுசாமி விளக்கம் கொடுக்க, பெண்கள் குலவை போட்டார்கள். பிறகு கேட்க வேண்டுமா? குறி கேட்க வரிசை நின்றுவிட்டது. மகள் கல்யாணத்தைப் பற்றிக் கேட்ட ஒருத்தியின் தோளில் எறும்பு தட்டினான். தோஷத்தையே தட்டிவிட்டார் என்று அவள் கண்ணீர் விட்டாள். நேற்றுவரை அவனைக் கண்டால் விலகிப்போனவர்கள் காலில் விழுந்தார்கள். முத்துப்பேச்சியும் நம்பினாள். அவளும் விழுந்து, மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டு எழுந்து ஓரமாக நின்றாள்.

இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் ஜெஸ்ஸி பெரியாஸ்பத்திரியில் நர்ஸ். சாப்பிட வந்தவள் ஆட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அக்கா, மேலு அனலாக் கொதிக்குது. நாடி கண்டபடி ஓடுது. கடைசியா என்னைக்குக் குடிச்சாரு?"

"நாலு நாளாச்சு."

"தெனம் குடிக்கிறவங்க திடுதிப்புனு நிறுத்துனா இப்படி வரும்க்கா. இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். வலிப்பு வந்துச்சுன்னா உசுருக்கே ஆபத்து. உடனே கூட்டிட்டுப் போகணும்."

நல்லுசாமிக்கு முகம் சிவந்துவிட்டது. "சாமி எறங்கி நிக்கிறப்ப ஊசி போடுவியா? தெய்வக்குத்தம் ஆயிரும். செத்த நேரம் பொறு, மலையேறிரும்."

முத்துப்பேச்சி புருஷனைப் பார்த்தாள். வேட்டி நனைந்து காலோடு சிறுநீர் வழிந்துகொண்டிருந்தது. அது அவனுக்குத் தெரியவில்லை.

"குத்தம் வந்தா என் தலையில வரட்டும். ஆட்டோவக் கூப்பிடு ஜெஸ்ஸி" என்றாள்.

ஆஸ்பத்திரியில் எவ்வளவு குடிப்பார் என்று டாக்டர் கேட்டார். யார் கேட்டாலும் 'எப்பவாச்சும்' என்று சொல்லியே பழகிய வாய். அன்றைக்கு, "தெனம் மூணு குவாட்டர், பதினாறு வருசம்" என்று உள்ளதைச் சொன்னாள்.

"விடச் சொன்னது சரிதாம்மா. ஆனா இவரு மூளை அதுக்கே பழகிப்போச்சு. ஆஸ்பத்திரியில வச்சு மருந்து குடுத்துத்தான் நிறுத்தணும். மறுபடி குடிச்சிட்டு மறுபடி இப்படித் திடீர்னு நிறுத்துனா, அடுத்த தடவ இதவிட மோசமா வரும். ஈரலும் வீங்கியிருக்கு" என்றார் அவர்.

இரண்டு நாள் அவன் கைகளைக் கட்டிலோடு கட்டிவைத்திருந்தார்கள். கழுத்து மாலையை யாரும் கழற்றவில்லை. முத்துப்பேச்சிக்குக் குடிகாரன் மேல் இருந்த கோபத்தைவிட, பாட்டிலை ஊற்றிவிட்டுப் பூரித்துப்போன தன் மேல்தான் கோபம் அதிகமாக வந்தது.

மூன்றாம் நாள் காலையில் அவனுக்கு நினைவு தெளிந்தது. நடந்தது ஒன்றும் ஞாபகம் இல்லை. நல்லுசாமி திருநீறோடு வந்து, முருகன் இறங்கியதையும் ஊரே காலில் விழுந்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னார். பொன்னுத்துரைக்கு முகம் மலர்ந்துபோயிற்று. அவனை யாராவது கும்பிட்டு எத்தனை காலமாயிற்று! அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் முத்துப்பேச்சிக்குப் பாவமாக இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டுமே என்று வாயை மூடிக்கொண்டாள்.

வார்டு நர்ஸ் கொடுத்த மாத்திரையை அவன் ஒதுக்கினான். "முருகனே மேல வந்தப்புறம் மாத்திரை எதுக்கு? வருசம் பூரா எப்படியோ இருந்துட்டுப் போறேன். தை மாசம் மாலையப் போட்டு ஒரே நாள்ல நிறுத்திருவேன். நாலாம் நாளு அவரா வந்துட்டுப் போறாரு."

"அது சரி சாமி" என்று தலையாட்டினார் நல்லுசாமி.

முத்துப்பேச்சிக்குப் பகீரென்றது. "வந்தது முருகன் இல்லங்க. குடிய நிறுத்துனதுல வந்த சீக்கு. டாக்டரு சொன்னாரு" என்றாள்.

"நீயுந்தான் கால்ல விழுந்தியாமே?"

"விழுந்தேன்."

"என்ன கேட்ட?"

"என் புருசன் குடிய விட்ருவாரான்னு கேட்டேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"'யாரும்மா ஒன் புருசன்?'னு கேட்டீங்க."

நல்லுசாமி திருநீற்றுத் தட்டைக் கட்டிலின் மேல் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பொன்னுத்துரை அவள் பக்கம் கையை நீட்டி மாத்திரையைக் கேட்டான்.