ஞாயிற்றுக்கிழமை டிரெய்லர்

பெஹாலா தியேட்டரில் தமிழ்ப் படங்கள் வந்தால் ஒவ்வொன்றுக்கும் ஞாயிறு காலை ஒரே காட்சிதான். அதனால் எந்தக் குடும்பப் படத்துக்குப் போவதென்று அந்தப் பக்கத்துத் தமிழர்கள் சண்முகம் வீட்டில் கூடி, டிரெய்லர் பார்த்து முடிவு செய்வார்கள். ஆண்கள்தான். சண்முகத்தின் மனைவி ஆண்டாளுக்கு அடுப்படி.

அடுத்த ஈடு வடையோடு அவள் கூடத்துக்கு வந்தபோது, டிவியில் ஒரு அம்மா எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, கடைசியில் வெறும் சட்டியை வழித்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் படம்தான்!" சண்முகம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆண்டாள், இன்னும் நாலு வடை கொண்டா."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தட்டை டிவி முன்னால் ணங்கென்று வைத்துவிட்டு, ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தாள்.

"அவளுக்காக அழுதீங்கல்ல? அவளையே சுட்டுத் தரச் சொல்லுங்க!"