வடிமடை வழியே போன மருந்து

நடராசன் வயலுக்குக் கிளம்பும்போதே காளியம்மாள் வாசலில் நின்றாள். கையில் ஒரு பிடி நாற்று. நாற்று என்று சொல்லவே வாய் கூசும். விரல் நீளம்கூட வளராமல் மஞ்சளாய்ச் சுருண்டிருந்தது.

"ரெண்டாந்தடவ வெதச்சதும் இப்படித்தாங்க போயிருச்சு."

நடராசனுக்கு எரிச்சல் வந்தது. முதல் தடவை நாற்று பழுத்தபோது விதைதான் சொத்தை என்று சொல்லி, தன் மூட்டையிலிருந்தே விதைநெல் கொடுத்தவர் அவர். நன்னிலம் வட்டாரத்தில் வேறு எவன் கொடுப்பான் என்று உள்ளுக்குள் கொஞ்சம் மீசையும் முறுக்கிக்கொண்டார். காளியம்மாளின் வயல், நில உச்சவரம்புச் சட்டத்தில் அவர் அப்பாவின் கையை விட்டுப் போன நிலம். பத்து வருஷம் அவள் கோர்ட்டுக்கு அலைந்த பிறகுதான் பட்டா வந்தது.

"நான் ஒன் வயல்ல கால் வச்சேனா?"

"நீங்கதான் ஏதோ செஞ்சுட்டதா ஊர்ல கண்டபடி பேசுறாங்க. நான் பேசலீங்க. வந்து பாருங்கன்னுதான் கூப்புடுறேன். ஐப்பசி பொறந்தாச்சு. நாத்து இல்லேன்னா இந்த வருஷம் எங்களுக்குச் சோறு இல்ல."

போய்ப் பார்த்தார். அவர் வயல் தண்ணீர் வடியும் வடிமடை வாயிலிருந்து அவள் நாற்றங்கால் முழுக்க மஞ்சள் பரவியிருந்தது. தூரத்து ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பச்சை. அதே மூட்டை விதை, அதே நாளில் விதைத்தது, தள்ளியிருக்கும் அவருடைய மேட்டு வயல் நாற்றங்காலில் பச்சைப் பசேலென்று நிற்கிறது. விதையைக் குறை சொல்ல இனி வழியில்லை.

அப்போதுதான் நினைவு வந்தது. அவள் வயலை ஒட்டிய தன் வயலில், புரட்டாசியில் நடவு முடிந்த மூன்றாம் நாள் களைக்கொல்லியை மணலில் கலந்து தூவியிருந்தார். களை தலைகாட்டவே கூடாதென்று, சொன்ன அளவைப்போல் ஒன்றரைப் பங்கு. "மூணு நாளைக்குத் தண்ணிய வெளிய விட்றாதீங்க" என்று உரக்கடை ஜெகபர் அலி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அன்று சாயங்காலமே மழை கொட்டியது. பயிர் மூழ்கிவிடுமே என்ற பதற்றத்தில் நடராசன் வடிமடையை வெட்டிவிட்டார். அந்த ஊரில் ஒரு வயலின் தண்ணீர் அடுத்த வயலுக்குள்தான் வடியும்.

"நாந்தான் காளியம்மா" என்றார். "வேணும்னு செய்யல. ஆனா நாந்தான். அந்த மருந்து ஒன் சேத்துல இன்னும் கெடக்கு."

"வேணும்னு செஞ்சிருந்தா சண்டை போட்ருப்பேங்க. இப்ப யாரைத் திட்டுறது?" அவள் அழவில்லை. அதுதான் அவரை வதைத்தது.

"மேட்டு வயல் நாத்தப் பறிச்சு நட்டுக்க. மருந்து தேங்குன இந்த மூலைய மட்டும் நடாம விட்ரு."

"அப்ப ஒங்களுக்கு?"

"என் மேட்டு வயல் ஒரு போகம் சும்மா கெடக்கட்டும்."

நாற்றுப் பறிப்பதைப் பார்த்துப் பக்கத்து வயல் வைத்தியலிங்கம் சிரித்தார். "ஏம்ப்பா, கோர்ட்டுல நிலத்த வாங்குனவளுக்கு நாத்தும் குடுக்குறியா?"

"கோர்ட்டு எல்லைக்கல்லு நட்டுச்சுய்யா. தண்ணிக்கு அந்தக் கல்லு தெரியல. நம்ம வயல்ல தூவுற மருந்து நம்ம வயலோட நிக்கும்னு நெனைக்கக் கூடாது. அளவு மீறித் தூவிட்டு அவசரத்துல மடைய வெட்டினா, அடுத்த வீட்டுச் சோத்துலதான் கை வைக்கிறோம்."

வைத்தியலிங்கத்தின் சிரிப்பு நின்றது. முந்தின நாள்தான் அவரும் மருந்து தூவியிருந்தார். மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு, திறந்து கிடந்த தன் மடையை அடைக்க ஓடினார்.