கேட்கிற ஓம்

எங்கள் ஊரில் 'ஆமாம்' என்பதற்கு 'ஓம்' என்போம்; அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று சம்மதிக்கிற ஓம். மற்றது, எதிரில் இருப்பவர் கதைக்கும்போது, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று காட்டச் சொல்கிற ஓம். தெல்லிப்பழையில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாது என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும்.

சலரோகம் என்கிற நீரிழிவு நோய் பரம்பரையாக எப்படி வருகிறது என்று மரபணுவில் தேடுகிற ஆராய்ச்சி என்னுடையது. அரசாங்கம் உதவி தந்தது. கூடவே காவலும் போட்டது. இரத்தம் கொடுப்பவருக்கு நான்கு பக்கப் படிவத்தை விளங்கப்படுத்தி, சம்மதம் கேட்ட பிறகுதான் கையெழுத்து வாங்கலாம். நல்ல சட்டம். அதை மேடையேறிப் புகழ்ந்தவளும் நான்தான்.

மாத முடிவுக்குள் முந்நூறு பேர் சேராவிட்டால் ஆராய்ச்சியை நிறுத்திவிடுவார்கள். காங்கேசன்துறைப் பக்கம் ஒரு வீட்டு முற்றத்தில், மீன் வெட்டிக்கொண்டிருந்த இராசமலரக்காவுக்குப் படிவத்தை ஓட்டமாக வாசித்தேன்.

"மாதிரிகள் பத்து ஆண்டுகள் உறைநிலையில் பேணப்படும்."

"ஓம் பிள்ளை."

"முடிவுகள் தனிநபர்களுக்கு அறிவிக்கப்படமாட்டா."

"ஓம், ஓம்."

எந்த ஓம் என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது. கையைக் கழுவிவிட்டு வரச்சொல்லி, கையெழுத்து வாங்கி, ஊசியைக் குத்தினேன்.

மூன்று மாதம் கழித்து நெறிமுறைக் குழுவிலிருந்து ஜெயதீபன் என்ற அதிகாரி வந்தார். இரத்தம் கொடுத்த சிலரை நேரில் விசாரிக்க வேண்டுமாம். பிழை பிடிபட்டால் அனுமதி ரத்து. அவருடைய பட்டியலில் முதல் பெயரே இராசமலர்.

ஜெயதீபனோடு போன என்னைக் கண்டதும் இராசமலரக்கா வாசல் படலைக்கு ஓடிவந்தார். "வா பிள்ளை, உன்னைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான். மூண்டு மாதமாச் சீனி இல்லாமல் தேத்தண்ணி குடிக்கிறன். என்ரை ரத்தத்திலை..." என் முகத்தைப் பார்த்தவர் சட்டென்று நிறுத்திவிட்டார்.

ஜெயதீபன் கேட்டார்: "அம்மா, ரத்தம் எதுக்கெண்டு உங்களுக்கு விளங்கப்படுத்தினவையோ? நீங்கள் சம்மதிச்சனீங்களோ?"

இராசமலரக்கா என்னைப் பார்த்தார். நான் மண்ணைப் பார்த்தேன்.

"எல்லாம் வடிவாச் சொன்னவ, தம்பி. நான் சம்மதிச்சுத்தான் குடுத்தனான்."

"நல்லாச் செய்திருக்கிறீங்கள், அபிகாயில்" என்று எனக்குச் சொல்லிவிட்டு ஜெயதீபன் வாகனத்துக்கு நடந்தார். அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். எனக்காக ஒருத்தி பொய் சொல்ல, மரம் மாதிரி நின்றேன்.

நானும் திரும்பப் போக, இராசமலரக்கா என் கையைப் பிடித்தார். குரலைத் தணித்துக் கேட்டார்.

"உன்ரை வேலைக்கு ஒண்டும் வராது, பயப்பிடாதை. இப்ப எனக்கு மட்டும் சொல்லு பிள்ளை. என்ரை ரத்தத்தைக் கொண்டுபோய் நீ என்ன செய்தனி?"