ஹாஜரா வீட்டுக் காற்று

வாசலுக்கு வரும் படகுக்காரன் எதை வேண்டுமானாலும் கேட்கட்டும், அலமாரிக்குப் பின்னால் இருப்பதை மட்டும் கேட்காமல் இருந்தால் சரி என்று ஹாஜரா நினைத்துக்கொண்டாள். அவளுடைய தைலம் விரட்டிய காற்றெல்லாம் அவள் வீட்டில்தான் குடியிருந்தது. கையாப்புடை இலையை வேகவைத்து அவள் வடிக்கும் பச்சைத் தைலத்தை வயிற்றில் தேய்த்தால் உப்புசம் இறங்கும், நெஞ்சில் தேய்த்தால் சளி இளகும், முதுகில் தேய்த்து நாணயத்தால் வழித்தால் உடம்புக்குள் புகுந்த குளிர்காற்று ஏப்பமாக வெளியேறும் என்று புரு தீவில் எல்லாருக்கும் தெரியும். வெளியேறிய காற்று எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை. அது தைல வாசனையைப் பிடித்துக்கொண்டு அவளிடம் வந்தது. மீனவர்களின் காற்று கூரையடியில் உப்பு மணத்தோடு சுற்றியது. பள்ளிவாசல் மோதினாரின் காற்று ஐந்து வேளையும் கதவை அசைத்தது. மழைக்காலத்தில் அக்கம்பக்கத்தார் ஈரத்துணிகளை அவள் வீட்டுக் கொடியில் போட்டுவிட்டுப் போவார்கள்.

அலமாரிக்குப் பின்னால் இருந்தது மிகச் சிறியது. மகள் சுலைகா கைக்குழந்தையாக வயிறு உப்பி அழுதபோது வெளிவந்த காற்று அது. அன்று குழந்தை நன்றாகத் தூங்கியது. அடுத்த மழையில் வந்த காய்ச்சல் தைலத்துக்குக் கட்டுப்படவில்லை. அதற்குப் பிறகு அந்திதோறும் அந்தக் காற்று வந்து ஹாஜராவின் கழுத்தோர முடியைத் தொட்டுவிட்டுப் போனது. அதற்காகவே அவள் கொண்டையை உயர்த்திக் கட்டினாள்.

அந்த ஆண்டு மேலைக்காற்று வரவே இல்லை. விரிகுடாவில் படகுப் பாய்கள் துவண்டு தொங்கின, ஊரின் தைலம் கரையிலேயே கிடந்தது. படகுக்காரன் லா ஹமிடி பாயைச் சுருட்டிக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தான்.

"ஊர்க்காத்தெல்லாம் உன்கிட்டதானேக்கா கிடக்கு. அம்போன் துறைக்குப் போய்ச்சேர கொஞ்சம் குடேன்."

"எல்லாம் வயித்துல இருந்தது, தம்பி. வழி முச்சூடும் ஏப்பம் விட்டுக்கிட்டு வரும்."

"என் மாமியாரோடவே போய்ட்டு வந்தவன்க்கா நான்."

சிரித்துக்கொண்டே ஹாஜரா கதவை அகலத் திறந்தாள். பிரித்த பாய்க்குள் காற்றுகள் ஒவ்வொன்றாக நுழைந்தன, மோதினாருடையது கடைசியாக, தயங்கியபடி. பாய் புடைத்தது. கீழ்மூலை ஒன்று மட்டும் தொய்ந்து கிடந்தது.

லா ஹமிடி அலமாரிப் பக்கம் பார்த்தான். "அங்க ஏதோ அசையுதேக்கா. அதையும் விட்டீன்னா மூலை நிமிர்ந்துடும்."

ஹாஜரா தன் பின்கழுத்தில் கையை வைத்துக்கொண்டாள்.

"அது இன்னும் நடக்கப் பழகல, தம்பி. அந்த மூலைக்கு நீ துடுப்பு போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டுக் கதவை மெல்லச் சாத்தினாள்.