நவமி தப்பிய பூசணி

போன விஜயதசமியன்று ஒரு லாரி வெண்பூசணியைக் கொல்கத்தாவுக்கு ஒற்றை ஆளாக ஊட்டிவிட்டவன் நான். வரிசை காளிகாட்டில் ஆரம்பித்து ஹௌரா பாலத்தைத் தாண்டிப் போயிற்று.

வங்கியில் விவசாயக் கடன் பார்த்து ஓய்வு பெற்ற பட்டாபிராமன் மட்டும் இதை நம்புவதில்லை. அன்றும் நம்பவில்லை.

நவமி பூஜையில் ஆட்டுக்குப் பதில் பூசணியை வெட்டிப் பலி கொடுப்பது இங்கே வழக்கம். அதற்காக ஹூக்ளி மாவட்டத்து விவசாயி ஹாரு மண்டல், தன் ஊர்க் காய்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். வழியில் வண்டி படுத்துவிட்டது. எங்கள் சந்துக்கு வந்து சேர்ந்தபோது தசமி. தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். காய் விற்றால்தான் ஊருக்கு விதை உருளைக்கிழங்கு வாங்க முடியும். இல்லாவிட்டால் குளிர்காலம் முழுக்க நிலம் தரிசு.

"காசி அல்வா கிளறினா என்ன?" என்றேன்.

"பூசணி வெறும் தண்ணி ஓய்! பால் திரிச்ச சானா இல்லாத ஸ்வீட்டை பெங்காலி தொடுவானா?" என்றார் பட்டாபி.

"தொடுவானான்னு அப்புறம் பாக்கலாம். இப்போ நீர் துருவும்."

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் நவராத்திரிச் சமையலுக்கு வந்திருந்த சுந்தரவல்லி மாமி அண்டாவை ஏற்றினார். நெய் மணத்தில் அலிப்பூர் மிருகக்காட்சிசாலைப் புலி சைவமாகிவிட்டது. விசர்ஜனம் முடிந்தால் இங்கே வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களை வணங்கி இனிப்புத் தின்பார்கள். அடுத்த வீட்டு மருமகள் எங்களை வணங்க வந்தவள், ஒரு வாய் போட்டுக்கொண்டு என்னைப் பெரியப்பா முறை வைத்துக் கேட்டாள்: "மேஷோமஷாய், இது எதுல செஞ்சது?"

நான் லாரியைக் காட்டினேன். இரண்டு காயும் மாமியிடம் பக்குவமும் வாங்கிக்கொண்டு போனாள். பிறகு அவள் நாத்தனார், நாத்தனாரின் தெரு, பூஜைப் பந்தல் கிளப் முழுவதும்! அண்டா காலியாகியும் கூட்டம் கலையவில்லை; காயைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஹாரு கும்பிட வந்தார். கையைப் பிடித்துக்கொண்டேன். "நாற்பது வருஷமா உங்க மாவட்டத்து அரிசியிலதான் இந்த உடம்பு நிக்கறது. கும்பிட வேண்டியவன் நான்."

நேற்று பென்ஷன்காரர்கள் கூட்டத்தில் இதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். பட்டாபி எழுந்தார்.

"ஹௌரா பாலம் பொய். புலி பொய். ஒத்தை ஆளுங்கறது மகா பொய், துருவின கை இன்னும் வலிக்கறது." கொஞ்சம் தயங்கினார். "ஆனா அந்த லாரி காலியாச்சு. அதுல விதை உருளை ஏத்தி அனுப்பினதை நானே கூட நின்னு பார்த்தேன். நடந்ததுதான்."